வழி தெரியாதவர்கள்

மூங்கிலின் ஒரு முனையைத் தேசப்பன் பிடித்துக்கொண்டிருந்தார். பாடை கட்டுகிறவன் இறுக்கிப் பிடிக்கச் சொன்னான், இறுக்கிப் பிடித்தார். தூக்கச் சொன்னான், தூக்கினார். பெண்டாட்டியின் பாடைக்கு மூங்கில் பிடிக்கிற புருஷனை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வந்தவர்களில் இரண்டு மூன்று பேர், "நீ போய் உக்காரு தேசப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. உட்கார்ந்தால் நாலு பேர் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்பார்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூங்கில் எதையும் கேட்பதில்லை.

பேசாமல் இருப்பது அவருக்கு வேலையோடு வந்த பழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் வாலிபத்திலேயே சேர்ந்தவர். அங்கே மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். வீட்டுக்கு வந்தாலும் வாய் திறக்க மறந்துவிடும். வீட்டில் பேசத்தான் செண்பகம் இருந்தாளே! ஊரில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யோசிப்பார்கள், 'செண்பகம் ஊட்டுக்காரர்' என்றால் உடனே வழி சொல்வார்கள். அதைக் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். அவரோ பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தச் செண்பகம் இப்போது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். முந்தின நாள் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டாள். ஆட்டோவில் அவர் தோளில் சாய்ந்தபடி கடைசியாக அவள் சொன்னது, "பிரின்சிக்கு ஒரு போன் போட்டு நான் லேட்டா வருவேன்னு சொல்லிடு" என்பதுதான். கம்பெனியில் அவளோடு வேலை செய்கிற பிரின்சிக்கு அவரும் போட்டார்.

தெருவை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். காருக்கு ஒயர் பின்னுகிற கம்பெனியில் அவளோடு வேலை செய்கிறவர்கள். மூன்றாவது ஷிப்டு முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல், கம்பெனி மேல்கோட்டைக் கழற்றாமல் நேராக வந்திருந்தார்கள். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்தவர்கள் இங்கேயும் நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியானம் இரண்டாவது ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களும் கோட்டை மாட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். நாற்காலி போட்டும் யாரும் உட்காரவில்லை.

செண்பகத்தை யாரும் ஓட்டுப் போட்டுத் தலைவியாக்கவில்லை. பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும் என்று கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாள் அவள் டோக்கன் கொடுக்கிற சூப்பர்வைசரிடம் போய், "சார், நீங்க போவறப்போ யாராண்ட டோக்கன் வாங்குறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். வரிசையாக நின்று ஒயர் பின்னுகிற லைனே சிரித்துவிட்டது. அந்த மாதமே டோக்கன் ஒழிந்தது. அதற்குப் பிறகு எது என்றாலும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு தடவை பஸ் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் பஸ் வரும் என்று கம்பெனி சொன்னதை நம்பி, தனியாக உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, எல்லோரையும் வேலைக்கு அனுப்பிவிட்டாள் செண்பகம். அந்த மாதம் முடிந்தும் பஸ் வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "நான் ஏமாந்துட்டேன். என்னால நீங்களும் ஏமாந்தீங்க. மன்னிச்சுக்குங்க. இனிமே நான் ஒண்டியா உள்ள போ மாட்டேன். மாத்தி மாத்தி நாலு பேரு கூட வரணும், வந்து பேசவும் பேசணும்" என்றாளாம். இதைப் பிரின்சி வந்து சொன்னபோது தேசப்பனால் நம்பவே முடியவில்லை. குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட, "உன் நாக்குதான் சரியில்ல" என்று சொல்கிற பெண்பிள்ளை அவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இவர்கள் வீட்டு வாசலில்தான் நடக்கும். தேசப்பன்தான் டீ போடுவார். வாய் உள்ளவர்கள் எல்லாம் பேசி முடித்து, முடிவு எடுத்தாயிற்று என்று எல்லோரும் முந்தானையை உதறும்போது செண்பகம் கேட்பாள்: "இன்னும் யாரு பேசல?" பேசாதவள் ஒருத்தி மூலையில் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். அவள் ஏதாவது சொல்கிற வரைக்கும் முடிவு முடிவாகாது. அந்தக் கேள்வி வருகிற சமயம் பார்த்துத் தேசப்பன் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இப்போது அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஸ்டூல். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. கால் வீங்குகிறது, நரம்பு சுருட்டிக்கொள்கிறது. லைனில் ஆளுக்கொரு ஸ்டூல் வேண்டும் என்று நாலைந்து மாதமாகப் பேச்சு. மறுநாள் காலை அதற்குத்தான் கம்பெனியில் மீட்டிங் வைத்திருந்தார்கள்.

பாடை கட்டி முடிகிற நேரத்தில் கம்பெனி கார் வந்தது. ஹெச்.ஆர். மேனேஜர் வசந்தகுமார் இறங்கினார். நல்ல பெரிய மாலை. சாத்தினார், கும்பிட்டார், கூட வந்தவன் போட்டோ எடுத்தான். தேசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "செண்பகம்மா எங்களுக்கெல்லாம் அம்மா மாதிரி சார்" என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு மீட்டிங் வேணாம்மா. தள்ளி வச்சுக்கலாம். அவங்க இல்லாம நான் யார்கூட பேசுறது? நீங்க ஒரு லீடரை முடிவு பண்ணுங்க. அப்புறம் பார்ப்போம். யாரு இனிமே?"

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பிரின்சி மூக்கைத் துடைத்தாள். லைனிலேயே மூத்தவளான பூவம்மாள் தரையைப் பார்த்தாள். போன வருஷம் சேர்ந்த நர்மதா, யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திடுக்கிடுகிற பெண், பூவம்மாளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். வசந்தகுமார் பொறுமையாகக் கொஞ்ச நேரம் நின்றார். "சரிம்மா, அவசரமில்லை" என்றார். காருக்குப் போகும்போது அவர் நடையில் துக்கம் இல்லை, பெரிய வேலை ஒன்று தானாக முடிந்துவிட்ட நிம்மதி இருந்தது. அதைத் தேசப்பன் பார்த்துவிட்டார்.

நேற்றிலிருந்து வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. செண்பகம் போனது நேற்று. அவள் கட்டி வைத்தது இன்றைக்குப் போகிறது, அவளோடு சேர்த்துக் குழியில் போட்டு மூடப்போகிறார்கள் என்று பட்டது. மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அழுது முடித்துத் துண்டை எடுத்தபோது தெருவில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

திருவாலங்காட்டிலிருந்து வந்த பச்சையப்பன் ஒரு பக்கம் நின்றார். செண்பகத்தின் அண்ணன், ஏழெட்டு ஏக்கர் குத்தகை வைத்திருக்கிறவர், எங்கே போனாலும் நாலு பேருக்கு உத்தரவு போட்டே பழகியவர். மோளக்காரர்களையும், தூக்குவதற்குப் பங்காளிப் பையன்களையும் அவர்தான் கையோடு கொண்டுவந்திருந்தார். எதிரே பிரின்சி, கோட்டின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்க அக்காவ நாங்கதான் தூக்குவோம்" என்றாள் பிரின்சி.

"இன்னாம்மா விளையாடுறியா? பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதா? எந்த ஊர்ல நடக்குது இது? உங்க ஆளுங்கள்ல வேணா நடக்கும். எங்க குலத்துல இல்ல."

"எங்க சர்ச்சுலயும் பொம்பளைங்க பொட்டியத் தூக்கறதில்ல பெரியப்பா. நாங்க யாரும் தூக்கினதில்ல. இன்னிக்குத்தான் தூக்கப்போறோம்."

"தங்கச்சி சாவுல வந்து பேஜாரு பண்ணாதம்மா. நான் அவ அண்ணன், சொல்றேன். நகருங்க எல்லாரும்!"

பங்காளிகள் ஒரு பக்கம் சேர்ந்தார்கள், பெண்கள் ஒரு பக்கம். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் புகுந்து இரண்டு பக்கத்தையும் இன்னும் ஏற்றிவிட்டார்கள். குலதெய்வம், தீட்டு, போலீஸ் என்று எல்லாம் வந்து போயின. கத்திக் கத்தி எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் பூவம்மாள், யாரையும் பார்க்காமல், பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்:

"இன்னும் யாரு பேசல?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் பெண்கள் அத்தனை பேரும் திரும்பித் தேசப்பனைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததால் பங்காளிகளும் பார்த்தார்கள். பொறுக்குவதற்கு ஒரு டம்ளர்கூட அங்கே இல்லை. தேசப்பன் தொண்டையைச் செருமினார்.

"மச்சான்..." என்றார். மறுபடி செருமினார். "மச்சான். கல்யாணம் ஆனப்போ அவள இட்டாந்து இந்த ஊட்ல உட்டீங்க. ஒரு நாள் கூட வந்தீங்க. அதுக்கப்பறம் தெனம் தெனம் அவ கூட நின்னது இவங்கதான். என்னவிட ஜாஸ்தி நேரம் அவ கூட இருந்தவங்க. நீங்க கொண்டாந்து உட்டீங்க. இவங்க கொண்டு போய் உடட்டும்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பச்சையப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். "அப்போ நான் எதுக்கு மாப்ள வந்தேன்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அவர் ஒதுங்கியதும் அவர் கூப்பிட்டு வந்த மோளக்காரர்களும் குச்சியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

பெண்கள் பாடையைத் தூக்கினார்கள். தூக்கத் தெரியாமல் இல்லை, கம்பெனியில் ஒயர் பெட்டிகளைத் தூக்குகிறவர்கள்தானே. "புடிச்சாச்சா? தூக்கு" என்று பிரின்சி குரல் கொடுத்தாள். ஆறு தோளில் பாடை ஏறியது. முன்னால் பிரின்சியும் நர்மதாவும். நர்மதா எப்படி முன்வரிசைக்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர்களுக்குப் புதைக்கிற வழக்கம், ஆனாலும் முன்னால் தீச்சட்டி போக வேண்டும். பிள்ளை இல்லாத வீடு. அதனால் தீச்சட்டியைத் தேசப்பனே எடுத்துக்கொண்டார். தீச்சட்டி எடுத்தவர் முன்னால் போக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. சட்டி ஆடாமல், புகை கண்ணில் படாமல் முகத்தைச் சாய்த்துக்கொண்டு அவர் பாட்டுக்கு நடந்தார். மில்லுக்குத் தனியாக நடந்தே பழகிய கால்கள். பாரம் சுமந்து வருகிறவர்களுக்கும் தனக்கும் நடுவே தூரம் விழுவதை அவர் கவனிக்கவில்லை. ஏரிக்கரை ஓரத்தில், வேலிகாத்தான் புதருக்கு நடுவே ஒரு மண் பாதை பிரிகிறது. சுடுகாட்டுக்கு அதுதான் வழி. சட்டியைச் சரித்துவிடாமல் அதில் திரும்பினார். புதருக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும்தான் பின்னால் காலடிச் சத்தமே இல்லை என்று உறைத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இன்னும் நாலு அடி வைத்தார். அப்புறம் பார்த்துவிட்டார். பாதையில் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது, வேறு ஒருவரும் இல்லை.

நடந்தது இதுதான். அந்த ஊரில் பிறந்த பெண்களும் சரி, வாக்கப்பட்டு வந்து முடி நரைத்த பெண்களும் சரி, ஒருத்தியும் சுடுகாட்டுக்குப் போனதில்லை. ஏரிக்கு அந்தாண்டை எங்கேயோ இருக்கிறது என்று தெரியும். எங்கே திரும்புவது என்று தெரியாது. வெளியூரிலிருந்து வந்த பிரின்சிக்கும் நர்மதாவுக்கும் அதுவும் தெரியாது. பாரத்தில் தலை நிமிரவில்லை. கால்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. தினமும் ஷிப்டுக்கு நடக்கிற வழி. அந்தக் கால்கள் மண் பாதையைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறி, நேராகப் போய்க்கொண்டிருந்தன.

கோபத்தில் வெகு தூரம் பின்தங்கி வந்த ஆண்கள் கத்தினார்கள். "ஏம்மா! அது இல்லம்மா வழி! திரும்புங்கம்மா!" ரோட்டில் போன கன்டெய்னர் லாரிகளின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. லாரிகள் ஓரம் கட்டி நின்றன. டிரைவர்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். எதிரே வந்த வண்டிகளெல்லாம் வழிவிட, பெண்கள் செண்பகத்தைத் தூக்கிக்கொண்டு ஒயர் கம்பெனி கேட்டுக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஐயய்யோ, கம்பெனிடி இது!" என்றாள் பூவம்மாள்.

அதே நேரம் முதல் ஷிப்டு முடிந்து கேட் திறந்தது. லீவு கேட்டுக் கிடைக்காமல், அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று காலையிலிருந்து ஒயரும் கண்ணீருமாக நின்றவர்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். கேட்டுக்கு நேர் எதிரே அக்கா. அவர்களுக்கு வழி தவறிய கதையெல்லாம் தெரியாது. "நம்மள பாக்க வந்துட்டாங்கடி" என்று ஒருத்தி ஓவென்று அழ, மொத்தப் பெண்களும் பாடையைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டாவது ஷிப்டுக்கு உள்ளே போக வேண்டியவர்களோ பாடைக்குக் கீழேயும் பின்னாலும் இருந்தார்கள். வெளியே வந்தவர்கள் போகவில்லை, உள்ளே போக வேண்டியவர்கள் வரவில்லை. உள்ளே லைன் ஆளில்லாமல் நின்றது.

வசந்தகுமார் ஓடி வந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மாலை போட்டபோது இருந்த நிதானம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"என்னம்மா இது? பாடியைக் கொண்டுவந்து கேட்ல... இப்பத்தானே நான் வந்து மரியாதை பண்ணிட்டுப் போனேன்? யாரு உங்களை இங்க வரச் சொன்னது? என்ன டிமாண்ட்?"

அவர் நேராகப் பார்த்தது முன்னால் நின்ற நர்மதாவை. யார் கூப்பிட்டாலும் திடுக்கிடுகிற நர்மதாவின் தோளில் செண்பகம் இருந்தாள். ஒதுங்க இடமில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"யாரும் சொல்லல சார். எங்களுக்கு வழி தெர்ல சார். அதான் இங்க வந்து நிக்கிறோம்."

சொன்னது அவ்வளவுதான். ஆனால் வசந்தகுமார் எத்தனை ஸ்டிரைக் பார்த்தவர்! 'எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால் உன் வாசலில் வந்து நிற்கிறோம்' என்றுதான் அவர் காதில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் ஒதுங்கி, யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

தேசப்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது அப்போதுதான். கையில் புகைகிற தீச்சட்டியோடு ஓர் ஆள் கேட்டைப் பார்த்து ஓடி வருவதைக் கண்டதும் செக்யூரிட்டிக்காரர் பயந்து பின்வாங்கினார். 'வழி இது இல்லம்மா, அந்தப் பக்கம்' என்று சொல்ல வாயைத் திறந்தார் தேசப்பன். உள்ளே வசந்தகுமார் வியர்வையைத் துடைப்பதைப் பார்த்தார். பெண்களின் முகங்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பேசாமல் இருப்பதில் அவரை மிஞ்ச அந்த சிப்காட்டிலேயே ஆள் இல்லை. பிரின்சி என்ன செய்வது என்பதுபோல் அவரைப் பார்த்தபோது, ஒரு கையை மட்டும் எடுத்து, உள்ளங்கையை விரித்து, முன்னால் தள்ளிக் காட்டினார். மில்லில் அதற்கு 'ஓடட்டும், நிறுத்தாதே' என்று அர்த்தம். பிரின்சிக்கு மில் பாஷை தெரியாது. ஆனாலும் புரிந்தது.

வசந்தகுமார் திரும்பி வந்தார். "சரி. பேசலாம். யார்கூட பேசணும்? யாரு லீடர்?"

"யார்கூட வேணா பேசுங்க சார்" என்றாள் பிரின்சி.

"அப்படின்னா?"

"யார வேணா கேளுங்க. எல்லாருக்கும் தெரியும்."

பாடைக்குக் கீழே ஒவ்வொரு முகமாக அவர் குனிந்து பார்த்தார். பூவம்மாள் ஆரம்பித்தாள். "என் ரெண்டு முட்டியும் போச்சு சார். ஊட்டுக்குப் போனா தரையில உக்கார முடில, உக்காந்தா எழுந்துக்க முடில." பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "ஸ்டூல் போட்டா ஸ்பீடு கொறையும்னு சொன்னீங்களே சார். கால் வலியில ஒயர மாத்திச் சொருகறமே, அது கொறைச்சல் இல்லியா?" என்றாள். கேட் பக்கமிருந்து ஒருத்தி, "ஒரு மாசம் போட்டுப் பாருங்க. கொறஞ்சா நீங்களே எடுத்துடுங்க" என்றாள். நர்மதா, "ஷிப்டு முடிஞ்சா வீக்கத்துல ஷூ கழட்ட வர்ல சார்" என்றாள். ஒருத்தி விட்ட இடத்தில் அடுத்தவள் எடுத்தாள். ஒருத்தியும் கத்தவில்லை. பாரம் தாங்குகிறவர்களால் கத்த முடியாது, கையை நீட்டிப் பேசவும் முடியாது. யாரைப் பார்த்துப் பதில் சொல்வது என்று தெரியாமல் வசந்தகுமார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார். கடைசியில் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நிமிர்ந்து, பாடையில் கிடந்த செண்பகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்:

"ஸ்டூல் போட்டுடறோம்மா. இந்த மாசத்துக்குள்ள."

வாயைத் திறக்காமல் அவள் ஜெயித்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். ஜெயித்தது அவள் மட்டும் இல்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது.

"கேட்டுக்கினீங்களா எல்லாரும்?" என்றாள் பிரின்சி. "கேட்டோம்" என்று ரோடு முழுக்கக் குரல் வந்தது. லாரி டிரைவர்களும் சேர்ந்து சொன்னார்கள். தேசப்பனுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. சட்டியில் நெருப்பு இல்லாவிட்டால் கைதட்டியிருப்பார். பின்னால் வந்து சேர்ந்த பச்சையப்பன் செக்யூரிட்டிக்காரரிடம், "என் கூடப் பொறந்த தங்கச்சிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சொல்லிவிட்டு மோளக்காரர்களைப் பார்த்து, "இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? அடிங்கடா!" என்று அதட்டினார்.

முதல் ஷிப்டு பெண்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். இந்தத் தடவை மோளம் முன்னால் போயிற்று, தேசப்பன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று போனார்.

சுடுகாட்டுக்குள் நுழைந்ததும் பெண்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். வேலிகாத்தான் புதர், மேடும் பள்ளமுமான மண், இரண்டு மூன்று சிமெண்டு மேடைகள், மேய்கிற ஆடுகள். ஒரு கைபம்பு இருந்தது, அதற்குக் கைப்பிடி இல்லை.

"இவ்ளோதானா?" என்றாள் பூவம்மாள். "இத காட்டாமயா இத்தினி வருசம் எங்கள வீட்டோட நிறுத்தினீங்க?"

ஆண்கள் மண்வெட்டியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

செண்பகத்தைக் குழியில் இறக்கினார்கள். தேசப்பன் முதல் பிடி மண் போட்டார். பிறகு பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார்கள். மூடி முடிக்க ஆண்களின் மண்வெட்டிக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

லைன் நிற்கக் கூடாதே என்று வசந்தகுமார் கம்பெனி வண்டியை ஏரிக்கரைக்கே அனுப்பியிருந்தார். இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் போக வேண்டும்.

"குளிக்காம எப்டிடி போறது?" என்றாள் பூவம்மாள்.

"கம்பெனி பாத்ரூம்ல குளிச்சுக்கலாம் வா. டோக்கன்தான் இல்லியே" என்றாள் பிரின்சி. சிரிப்பும் அழுகையுமாக எல்லோரும் சேலையை உதறினார்கள்.

கை கழுவத் தண்ணீர் இல்லை. சடங்குக்குக் கொண்டுவந்த குடத்தில் அடியில் கொஞ்சம் கிடந்தது. தேசப்பன் அதை எடுத்துக்கொண்டு வண்டியின் படிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒவ்வொருத்தியும் கையை நீட்டினாள். ஒவ்வொரு கைக்கும் கொஞ்சமாக, சிந்தாமல் ஊற்றினார். "மாமா, இந்தப் பம்புக்கு ஒரு கைப்பிடி போடணும். யார்கூட பேசணும்?" என்று கேட்டாள் பிரின்சி கையைத் தேய்த்தபடி.

"பஞ்சாயத்துல" என்றார் தேசப்பன். கொஞ்சம் யோசித்து, "நானும் வரேன்" என்றார்.

கடைசியாக நர்மதா வந்து கையை நீட்டினாள். குடத்தைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"தீந்துட்ச்சும்மா..." என்றார்.

"பரவால்ல மாமா. இருக்கட்டும்" என்று அவள் ஏறிக்கொண்டாள்.

வண்டிக்குள் உட்கார இடம் இல்லை. ஏரிக்கரையில் வண்டி திரும்பும்போது ஜன்னல் வழியே தெரிந்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கைகள், அதில் மணிக்கட்டு வரைக்கும் மண்ணோடு ஒரு கை. வண்டி தார் ரோட்டில் ஏறும் வரை தேசப்பன் பார்த்துக்கொண்டு நின்றார்.